ரெண்டு போத்தல், ஒரு கயிறு: ஒன்ன அமுக்க அமுக்க இன்னொன்னு ஏன் கூட நேரம் ஆடுது? எக்செப்ஷனல் பாயிண்ட் பத்தி ஒரு கேள்வி

லயத்துக்கிளி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிசிக்ஸ் கடைசி வருஷம், இப்ப செமஸ்டர் லீவுக்கு சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்திருக்கேன். ப்ராஜெக்ட் தலைப்பு நான்-ஹெர்மிஷியன் சிஸ்டத்துல (எனர்ஜி வெளிய கசியற மாதிரி சிஸ்டம்) வர்ற டிஜெனரசி (ரெண்டு லெவல் ஒன்னாயிடறது), எக்செப்ஷனல் பாயிண்ட்னு சொல்றாங்களே அது. லெக்சரர் ஒரு கட்டு பேப்பர் குடுத்துட்டாரு, ஒரு வாரமா படிக்கறேன், மேட்ரிக்ஸ் போட்டா ஐகன் வேல்யூ (ஒவ்வொரு ஆட்டத்தோட ஃபிரீக்வன்சியும் சாகற வேகமும்) வந்துருது, ஆனா மனசுக்குள்ள ஒரு உருவமா நிக்க மாட்டேங்குது.

அதனால கையில இருக்கறத வச்சு செஞ்சு பாப்போம்னு வீட்டு அஞ்சடில (முன் தாழ்வாரத்துல) ரெண்டு தூணுக்கு நடுவுல நைலான் கயிறு கட்டி 500 மில்லி தண்ணி போத்தல் ரெண்ட நெறைய தண்ணி ஊத்தி ஒரே நீளத்துல, 60 சென்டிமீட்டர், தொங்க விட்டேன். ஒன்ன இழுத்து விட்டா கொஞ்ச நேரத்துல அது அடங்கி மத்தது முழுசா ஆடும், அப்புறம் ஆட்டம் திரும்ப இதுக்கே வரும். போன்ல நேரம் புடிச்சேன், போயி திரும்பி வர 56 செகண்ட். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கப்புள்டு பெண்டுலம்.

இப்ப லாஸ், அதாவது எனர்ஜி கசிவு, சேக்கணும்ல, வலது பக்க போத்தலுக்கு அடியில ஒரு தேக்கரண்டிய கட்டி கீழ வாளித் தண்ணில முங்கற மாதிரி விட்டேன். ரெண்டு போத்தலும் சீக்கிரமா நின்னுடுச்சு, சரி எதிர்பாத்தது தான். அப்புறம் பெரிய குழம்புக் கரண்டிய கட்டுனேன், இன்னும் சீக்கிரம் நிக்கும்னு நெனச்சா, இடது போத்தல் முன்ன விட ரொம்ப நேரம் ஆடுது! வலது போத்தல் அசையவே இல்ல. அப்பா செம்பனை வெட்டிட்டு மத்தியானம் வந்து மோட்டோர நிறுத்திட்டு கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு, "அத புடிக்க புடிக்க இது ஏம்மா நிக்க மாட்டேங்குது"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் சொல்ல தெரியல. அவருக்கு புரியற மாதிரி சொல்ல முடியலன்னா எனக்கே புரியலன்னு தான் அர்த்தம்.

இன்னும் ரெண்டு விஷயம் ஒட்ட மாட்டேங்குது. சாதாரண டிஜெனரசினா ரெண்டு லெவல் ஒரே எனர்ஜில நிக்கும், அதுக்கும் இதுக்கும் உண்மையில என்ன வித்தியாசம், பேப்பர்ல ஐகன் வெக்டரும் (ஆட்டத்தோட வடிவம்) ஒன்னாயிடும்னு போட்டிருக்கு, போத்தல்ல அத எப்படி பாக்கறது? அப்புறம் இத ஏன் டோப்பாலஜிக்கல்னு சொல்றாங்க, பாயிண்ட சுத்தி வந்தா ஸ்டேட் மாறிடும்னா எத சுத்தறது? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

ஆறாம் படிவ வாத்தியார்:

நல்லா செஞ்சிருக்கம்மா. நான் தெலுக் இந்தான் பக்கம், 20 வருஷத்துக்கு மேல ஆறாம் படிவத்துக்கு பிசிக்ஸ் எடுத்தவன். அப்பா கேட்ட கேள்விய முதல்ல எடுத்துக்குவோம், அதுல தான் எல்லாமே இருக்கு.

இடது போத்தலுக்கு பிரேக்கே கிடையாது, அதோட ஆட்டம் சாகணும்னா கயிறு வழியா வலது பக்கம் போயி அங்க தண்ணில கரையணும். வலது போத்தல் அசைஞ்சா தான தண்ணிய தள்ள முடியும்? கரண்டி பெருசாக பெருசாக வலது போத்தல் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுது, அசைவு ரொம்ப கொறைஞ்சிடுது, கரையற எனர்ஜி அசைவோட ஸ்கொயருக்கு ஏத்த மாதிரி போறதால பிரேக் ரெண்டு மடங்கானாலும் அசைவு பாதியாச்சுன்னா மொத்தத்துல கரையறது பாதி தான். அதனால இடது போத்தல் தப்பிச்சிடுது. வாசல்ல ஆள் போட்டு ரொம்ப இறுக்கிட்டா உள்ள இருக்கறவன் வெளியவே வர முடியாதுல்ல, அது மாதிரி. இதையே லேசர்ல செஞ்சு காட்டிட்டாங்க, 2014-ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, ரெண்டு சின்ன கண்ணாடி வளையம் பக்கத்துல பக்கத்துல, ஒன்னுக்கு லாஸ் கூட்டிக்கிட்டே போனா லேசர் முதல்ல அணையுது, இன்னும் கூட்டுனா திரும்ப எரியுது.

இப்ப கணக்கு. இடது போத்தலுக்கு லாஸ் இல்ல, வலதுக்கு காமா (ஒத்தையா ஆடுனா சாகற வேகம்), நடுவுல கப்ளிங் ஜீ (கயிறு வழியா ஆட்டம் கை மாறற வேகம்). ஐகன் வேல்யூ ரெண்டுலயும் ஒரு ஸ்கொயர் ரூட் வரும்: ஜீ ஸ்கொயர்ல இருந்து காமாவுல பாதியோட ஸ்கொயர கழிச்சு அதுக்கு ரூட். லாஸ் கம்மியா இருந்தா ரூட்டுக்குள்ள பாசிட்டிவ், ரெண்டு ஃபிரீக்வன்சி தனித்தனி, சாகற வேகம் ரெண்டுக்கும் ஒன்னு, ஆட்டம் இங்கயும் அங்கயும் போயி வரும். லாஸ் கூடிடுச்சுன்னா நெகட்டிவ், ஃபிரீக்வன்சி ஒன்னாயிடும், சாகற வேகம் ரெண்டா பிரியும், ஒன்னு சட்டுனு சாகும் ஒன்னு மெதுவா. காமா சரியா ஜீயோட ரெண்டு மடங்கா நிக்கற இடம் தான் நீ தேடற பாயிண்ட். நீ தேக்கரண்டில இருந்து குழம்புக் கரண்டிக்கு போறப்ப அத தாண்டிட்ட.

ஐகன் வெக்டர் எப்படி ஒன்னாகுதுன்னு கேட்டியே, இத கண்ணால பாக்கலாம். லாஸ் இல்லாதப்ப ரெண்டு மோடு (மாறாம ஒரே மாதிரி ஆடற விதம்): ரெண்டு போத்தலும் சேந்தே ஆடறது ஒன்னு, எதிரெதிரா ஆடறது இன்னொன்னு. அப்ப ஃபேஸ் வித்தியாசம் (ஆட்டத்துல ஒன்னு மத்ததுக்கு எவ்வளவு பின்னால வருதுங்கறது) 0 டிகிரி, 180 டிகிரி. காமாவ கூட்டு, பாயிண்டுக்கு பாதி தூரம் வந்தா அது 30 ஆகவும் 150 ஆகவும் மாறிடும், ரெண்டுலயும் வலது போத்தல் பின்தங்குது, அசையற அளவு மட்டும் ரெண்டு போத்தலுக்கும் சமமாவே இருக்கும். இன்னும் கூட்டு, ரெண்டும் ஒன்ன ஒன்னு நோக்கி நகந்து வந்து பாயிண்ட்ல 90-ல போயி முட்டிக்கும். சேந்து ஆடறதும் எதிரா ஆடறதும் அங்க ஒரே ஆட்டம். இடது போத்தல் ஓரத்துல நிக்கறப்ப வலது போத்தல் சரியா நடுவுல இருக்கும். நீ எப்படி இழுத்து விட்டாலும் கடைசில அந்த ஒரே ஆட்டத்துக்கு தான் வந்து சேரும்.

சாதாரண டிஜெனரசில ரெண்டு பேரு ஒரே வீட்டுல குடியிருக்காங்க, ஆளு ரெண்டு. இங்க ஆளே ஒன்னு தான். ஹெர்மிஷியன் மேட்ரிக்ஸ்ல இது நடக்கவே நடக்காது, அங்க வெக்டர் எல்லாம் ஒன்னுக்கொன்னு செங்குத்தா தான் நிக்கும், படுத்து ஒன்னு மேல ஒன்னு விழாது. எக்செப்ஷனல் பாயிண்ட்ங்கற பேர காட்டோ தன்னோட 1966 புத்தகத்துல வச்சாரு, அவரு கணித வாத்தியாரு.

உனக்கு இது புதுசு இல்லம்மா. ஆறாம் படிவத்துல கிரிட்டிக்கல் டேம்பிங் (ஆடாம சட்டுனு அடங்கற அளவுக்கு சரியா பிரேக் போடறது) படிச்சிருப்ப, ரெண்டு ரூட்டும் ஒன்னாகி விடைல எக்ஸ்போனன்ஷியலுக்கு முன்னால ஒரு டி, அதாவது நேரம், வந்து ஒட்டிக்குமே, அதுவே எக்செப்ஷனல் பாயிண்ட் தான். அந்த டி எங்க இருந்து வந்துச்சுன்னு அப்ப யாரும் கேக்கறது இல்ல. ஒரு வெக்டர் காணாமப் போனதுக்கு அடையாளம் அது.

ஒரு திருத்தம் மட்டும். தண்ணி பிரேக் சரியா வராது, வேகம் கொறைஞ்சா அதோட புடியும் தளந்துடும், கணக்குல உள்ள காமா எப்பவும் மாறாம இருக்கணும். காந்தம் போடு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைல பழைய ஹார்ட் டிஸ்க் கேட்டா குடுப்பாங்க, உள்ள இருக்கற காந்தம் நல்ல பலம். அத வலது போத்தலுக்கு அடியில ஒட்டி, கீழ தடிமனான அலுமினிய சோத்துப்பானை மூடிய கவுத்து வை, தூரத்த மாத்தி காமாவ மாத்தலாம். இடது போத்தலுக்கும் அதே எடைக்கு ஏதாச்சும் கட்டிடு, காந்தம் ஒட்டாத சாமானா பாத்து கட்டு.

பாயிண்ட் எங்க இருக்குன்னு தேட ஒரு குறுக்கு வழி: இடது போத்தல கையால புடிச்சிக்கிட்டு வலது மட்டும் ஆட விட்டு, அது முதல் அளவுல மூனுல ஒரு பங்குக்கு கொஞ்சம் கூட, 37 சதவீதம், வர எத்தன செகண்ட் ஆகுதுன்னு பாரு. உன்னோட 56-அ 6.28-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 9. ஒத்தையா 9 செகண்ட்ல அடங்குச்சுன்னா நீ பாயிண்ட் மேல நிக்கற.

பாயான் லெப்பாஸ் அக்கா:

வாத்தியார் சொன்ன அந்த 90 டிகிரிய படிச்சதும் என்னால சும்மா இருக்க முடியல. நான் பினாங்குல ஆப்டிக்ஸ் டெஸ்டிங் வேல செய்யறேன், தினமும் போலரைசேஷன் (வெளிச்ச அலை எந்தப் பக்கமா அதிருதுங்கறது) தான் பாக்கறது. ரெண்டு ஆட்டம் சம அளவு, நடுவுல 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசம்னா வெளிச்சத்துல அதுக்கு பேரு சர்குலர் போலரைசேஷன். தங்கச்சி, இதத்தான் பஞ்சரத்தினம் 1955-லயே கண்டுபுடிச்சாரு, அப்ப அவருக்கு 21 வயசு தான். சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம், சி.வி. ராமனோட அக்கா தங்கச்சி வழி மருமகன், பெங்களூர்ல ராமன் இன்ஸ்டிடியூட்ல இருந்தாரு.

சில கிரிஸ்டல்ல வெளிச்சம் உள்ள போனா ரெண்டு போலரைசேஷனா பிரிஞ்சு வேற வேற வேகத்துல போகும். ஒரு குறிப்பிட்ட திசைல மட்டும் ரெண்டு வேகமும் ஒன்னாயிடும், அது சாதாரண டிஜெனரசி, 1832-ல ஹாமில்டன் கணக்கு போட்டு அந்த திசைல வெளிச்சம் கூம்பு மாதிரி விரியும்னு சொன்னாரு, கொஞ்ச நாள்லயே லாயிட் செஞ்சு பாத்துட்டாரு. பெரியும் வில்கின்சனும் 1984-ல இந்த மாதிரி கூம்பு முனைக்கு டயபோலிக்கல் பாயிண்ட்னு பேர் வச்சாங்க, கயித்துல சுத்தற டயபோலோ விளையாட்டு சாமானோட வடிவம் அது. இப்ப அந்த கிரிஸ்டல் வெளிச்சத்த உறிஞ்சுதுன்னு வை, அந்த ஒரு திசை ரெண்டா ஒடைஞ்சிடும், ஒவ்வொன்னுலயும் ஒரே ஒரு போலரைசேஷன் தான் உயிரோட இருக்கும், ஒன்னுல வலஞ்சுழி இன்னொன்னுல இடஞ்சுழி. ஃபோக்ட்டுங்கற ஜெர்மன்காரரு 1902-லயே இந்த திசைங்கள பத்தி எழுதி இருந்தாரு, பஞ்சரத்தினம் அத போலரைசேஷன் கோளத்துல (ஒவ்வொரு போலரைசேஷனையும் ஒரு புள்ளியா காட்டற உருண்டை) வச்சு படம் மாதிரி தெளிவாக்கினாரு. எக்செப்ஷனல் பாயிண்ட்ங்கற பேரு வர்றதுக்கு 11 வருஷம் முன்ன. 1969-ல ஆக்ஸ்ஃபோர்டுல இறந்துட்டாரு, 35 வயசு. உன் ரிப்போர்ட்ல வரலாறு எழுதற பக்கத்துல அவர் பேர் முதல்ல வரணும்னு ஆசப்படறேன்.

இன்னொன்னு, எச்சரிக்கையா சொல்றேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எல்லாரும் கடைசில எக்செப்ஷனல் பாயிண்ட வச்சு நுணுக்கமான சென்சார் செய்யலாம்னு ஒரு பத்தி போட்டுடறாங்க. காரணம் அந்த ஸ்கொயர் ரூட் தான்: சாதாரண டிஜெனரசில பத்தாயிரத்துல ஒரு பங்கு தொந்தரவு குடுத்தா லெவல் பிரியறதும் பத்தாயிரத்துல ஒரு பங்கு, இங்க நூறுல ஒரு பங்கு பிரியும். மூனு லெவல் ஒன்னாற இடம்னா க்யூப் ரூட், பத்து லட்சத்துல ஒரு பங்குக்கே நூறுல ஒன்னு. 2017-ல நேச்சர்ல ரெண்டு குழு இத செஞ்சு காட்டுச்சு, அது உண்மை, சந்தேகமே இல்ல. ஆனா பிரியறது பெருசானா மட்டும் போதாது, அந்த கோடு எவ்வளவு மெல்லிசா இருக்குங்கறதும் வேணும். வெக்டர் ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு சாயறப்ப நாய்ஸும் அதே காரணத்தால பெருக்குது, 1979-ல பீட்டர்மன் சொன்ன விஷயம். 2020-ல கால்டெக் குழு லேசர் கைரோஸ்கோப்ல அளந்து, சிக்னல் கூடுன அளவுக்கு நாய்ஸும் கூடி அடிபட்டுப் போகுதுன்னு காட்டிட்டாங்க. வேலைல நான் தெனம் பாக்கறது இது, ஸ்கிரீன்ல ரெண்டு கோடு தள்ளித் தள்ளி தெரியறதால மட்டும் அளவு துல்லியமா வந்துராது. அந்த பத்திய எழுது, ஆனா ரெண்டு பக்கத்தையும் எழுது தங்கச்சி.

கெமுந்திங் பையன்:

டோப்பாலஜி பக்கத்துக்கு நான் வர்றேன், நான் மாஸ்டர்ஸ் பண்றது இதுல தான். எத சுத்தறதுன்னு கேட்டீங்கல்ல அக்கா, ரெண்டு நாப் (நாம மாத்தக்கூடிய அளவு) வேணும், ஒன்னு லாஸ், இன்னொன்னு ரெண்டு போத்தல் கயிறு நீளத்துல உள்ள வித்தியாசம். இந்த ரெண்டையும் ஒரு கிராஃப் பேப்பர்ல குறுக்கயும் நெடுக்கயும் வச்சா எக்செப்ஷனல் பாயிண்ட் ஒரு புள்ளியா உக்காரும், அத சுத்தி பென்சில்ல ஒரு வட்டம் போட்டு அந்த வட்டத்துல ஒவ்வொரு இடமா நிறுத்தி மோட அளந்துக்கிட்டே வரணும்.

நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். லாஸ் கம்மியா இருக்கற பக்கம், அதாவது பாயிண்டுக்கு கீழ, இடது கயிற கொஞ்சம் கொஞ்சமா நீட்டிக்கிட்டே போங்க. ஆரம்பத்துல இடது கயிறு கட்டை, வேகமா ஆடற மோடு இடது போத்தல்ல இருக்கு. கயிறு சமமாகற இடத்துல ரெண்டு ஃபிரீக்வன்சியும் கிட்ட வரும் ஆனா முட்டாது, வேகமான மோடு வேகமாவே இருந்துக்கிட்டு போத்தல மாத்திக்கும், கடைசில வலது போத்தலுக்கு வந்துடும். இப்ப அங்கயே நின்னு லாஸ ஏத்தி பாயிண்டுக்கு மேல போயிடுங்க, இடது கயிற பழையபடி கட்டையாக்கிக்கிட்டே திரும்புங்க. இந்த பக்கம் ஃபிரீக்வன்சி ஒன்ன ஒன்னு வெட்டிக்கும், சாகற வேகம் தான் முட்டாம விலகும், அதனால மோடு தன் போத்தல விடாது, வலதுல இருந்தது வலதுலயே இருக்கும். லாஸ எறக்கி ஆரம்பிச்ச இடத்துக்கு வந்துட்டீங்க, கயிறு நீளம் லாஸ் எல்லாம் பழையபடி, ஆனா கையில புடிச்சிக்கிட்டு வந்த மோடு இடதுல இருந்து வலதுக்கு மாறிடுச்சு.

கோயில் பிரகாரத்த ஒரு சுத்து சுத்தி வந்தா புறப்பட்ட சன்னதிக்கே வந்து நிப்போம். இங்க ஒரு சுத்துல எதிர் சன்னதி வாசல்ல நிக்கறீங்க, ரெண்டாவது சுத்துல தான் உங்க சன்னதி, அதுவும் மைனஸ் குறியோட, குறியும் சேத்து சரியாக நாலு சுத்து வேணும். டார்ம்ஸ்டாட்ல டெம்போவ்ஸ்கி குழு 2001-ல மைக்ரோவேவ் பொட்டில இத அளந்து காட்டுச்சு. வட்டம் பெருசா சின்னதா கோணலாங்கறது முக்கியமே இல்ல, பாயிண்ட் உள்ள இருக்கா வெளிய இருக்காங்கறது மட்டும் தான், வெளிய இருந்துச்சுன்னா எதுவும் மாறாது, டோப்பாலஜிக்கல்னு சொல்றது அதுக்குத்தான். ஒரு சுத்துக்கு அரை திருப்பம்னு கணக்கு, அந்த அரையவே 2018-ல ஒரு ஃபோட்டானிக் கிரிஸ்டல்ல இருந்து வெளிய வர்ற வெளிச்சத்தோட போலரைசேஷன்ல பாத்துட்டாங்க.

ஒன்னு மட்டும் கவனமா இருங்க, ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி புதுசா ஆட விட்டு அளக்கணும். ஆட்டத்த நிறுத்தாம ஓட்டத்துலயே நாப்ப திருப்பிக்கிட்டு சுத்துனா கதை வேற, மெதுவா சுத்துனா கூட லாஸ் கம்மியா உள்ள மோடு தான் கடைசில ஜெயிக்கும், எதுல ஆரம்பிச்சாலும் வலமா சுத்துனா ஒரு மோடு, இடமா சுத்துனா இன்னொன்னுல போயி நிக்கும். 2016-ல நேச்சர்ல ரெண்டு பேப்பர் ஒன்னா வந்துச்சு, ஒன்னு வியன்னா குழு மைக்ரோவேவ் குழாய்ல செஞ்சது, இன்னொன்னு யேல்ல அதிர்ற மெல்லிய சவ்வுல செஞ்சது. எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப புடிச்சது இதுதான், சுத்தற திசைய சிஸ்டம் ஞாபகம் வச்சிருக்கு.

லயத்துக்கிளி:

வாத்தியார் ஐயா, பினாங்கு அக்கா, தம்பி, மூனு பேருக்கும் ரொம்ப நன்றி. பதில் எழுத நாலு நாள் ஆயிடுச்சு, பட்டணத்துல ரிப்பேர் கடைக்காரரு ரெண்டு பழைய ஹார்ட் டிஸ்க் சும்மாவே குடுத்துட்டாரு, திருகாணிய கழட்டறதுக்கே ஒரு நாள். பானை மூடி பாட்டியோடது, அவங்க பால்மரம் வெட்டுன காலத்துல வாங்குனது, நல்ல கனம்.

காந்தம் தூரமா இருக்கறப்ப வலது போத்தல் ஒத்தையா அடங்க 14 செகண்ட். அப்ப கயித்துல ஆட்டம் போயி வர்றது 56-ல இருந்து 70-க்கு மேல போயிடுச்சு, ரெண்டும் ஒன்ன ஒன்னு நெருங்குதுங்கறது அதுலயே தெரிஞ்சுது. மூடிக்கு அடியில அட்டைய வச்சு வச்சு ஒசத்தி 9 செகண்டுக்கு கொண்டு வந்தேன் ஐயா, இடது போத்தல் 17, 18 செகண்டுலயே அடங்கிடுச்சு, எல்லாத்தையும் விட சீக்கிரம், போயி வர்றதே இல்ல. இன்னும் நெருக்கி 5 செகண்ட் ஆக்குனேன், இடது போத்தல் 50 செகண்ட் கிட்ட ஆடுச்சு. 3 செகண்டுக்கு கொண்டு போனா 75. காத்துலயும் கொஞ்சம் போறதால கணக்குல வர்ற 103 வரல, அது புரியுது.

90 டிகிரிய பாக்க போன பக்கவாட்டுல வச்சு ஸ்லோ மோஷன்ல எடுத்தேன். சேத்து இழுத்து விட்டு ஒரு தடவ, எதிரெதிரா இழுத்து விட்டு ஒரு தடவ. ஆரம்பத்துல கொஞ்ச நேரம் ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு, அப்புறம் ரெண்டு வீடியோவும் ஒன்னு போலவே ஆயிடுது, இடது போத்தல் ஓரத்துல நிக்கறப்ப வலது போத்தல் நடுக்கோட்ட தாண்டுது. அப்பாகிட்ட காட்டுனேன். எது எந்த வீடியோன்னு சொல்லுங்கப்பான்னு கேட்டேன், ரெண்டு மூனு தடவ ஓட்டிப் பாத்துட்டு "ரெண்டும் ஒன்னு தானம்மா"ன்னு சொன்னாரு.

நாளைக்கு கயிறு நீளத்த மாத்தி சுத்த ஆரம்பிக்கறேன் தம்பி, வட்டத்துல 12 இடம் போதுமா, இல்ல பாயிண்ட் பக்கத்துல நெருக்கமா எடுக்கணுமா?

கெமுந்திங் பையன்:

12 போதும் அக்கா, வட்டம் பாயிண்ட்ல இருந்து நல்லா தள்ளி இருக்கட்டும், கிட்ட போனா மோட பிரிச்சு அளக்க முடியாது. ஆனா லாஸ் அதிகமா உள்ள பக்கத்துல ஃபிரீக்வன்சி வெட்டிக்கற இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு இடம் கூட வச்சுக்குங்க, எந்த மோடு எதுன்னு கொழம்பறது அங்க தான்.